சூடான காற்றை மேலே தள்ளுவது யார்?



"சூடான காற்று மேலே ஏறும்" என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கிட்டு வர்றோம். ஆனால் காற்றுக்கு ஏற காலா இருக்கு? பூமி அதையும் கீழேதானே இழுக்கிறது? உண்மையில் சூடான காற்று தானாக ஏறுவதில்லை. சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. அது கீழே புகுந்து சூடான காற்றை மேலே தள்ளிவிடுகிறது.

ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை மூடி போட்டு, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். கையை எடுத்ததும் குபுக்கென்று மேலே வரும். பாட்டிலா நீந்தி வந்தது? தண்ணீர்தான் தள்ளியது. பாட்டில் எவ்வளவு தண்ணீரை விலக்கியதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அதன் மேல் மிதப்பு விசை இருக்கும். இதுதான் ஆர்க்கிமிடிஸ் தத்துவம். காற்றுக்கும் இதே கணக்குதான்.

காற்றுக்கு என்ன பெரிய எடை என்று நினைக்காதீர்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1 கிலோ 165 கிராம் இருக்கும். அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் விரிந்துவிடும். அப்போது அதே இடத்தில் சுமார் 945 கிராம் காற்றுதான் இருக்கும். மிச்சம் 220 கிராம். ஒரு கன மீட்டர் சூடான காற்றால் தூக்க முடிவது அவ்வளவுதான். பொள்ளாச்சியில் 2015இல் தொடங்கிய பலூன் திருவிழாவில் பறந்த பலூன்கள் ஏன் வீடு மாதிரி பெரிசாக இருந்தன என்று இப்போ புரியுதா? 2,800 கன மீட்டர் பலூன் என்றால் 600 கிலோ தூக்கும். துணி, கூடை, கேஸ் சிலிண்டர், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்கணும். விடியற்காலையில் பறக்க விடுவதற்கும் காரணம் உண்டு. அப்போது வெளிக்காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், பலமான காத்தும் அடிக்காது.

சரி, நம்ம வாயால் ஊதின பலூன் ஏன் பறக்கவில்லை? மூச்சுக்காற்று சூடுதானே? அது கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். 14 லிட்டர் பலூன் விலக்கும் காற்று சுமார் 16 கிராம். உள்ளேயும் ஏறக்குறைய அதே எடை, ரப்பரின் எடை வேறு கூட. அதனால் கீழே விழுகிறது. ஹீலியம் என்றால் உள்ளே 2 கிராம் சொச்சம்தான், அதனால் பறக்கிறது.

இப்போ நம்ம ஊர்ப் பக்கத்து வீடுகளுக்கு வருவோம். அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடி வரை பழைய செட்டிநாட்டு வீடுகளில் உயரமான கூரையும், நடுவில் வானம் பார்த்த முற்றமும், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வாசல்களும் இருக்கும். உச்சி வெயிலில் வெளியேயும் சூடுதான். அதனால் அப்போது பெரிய பலன் இல்லை. ஆனாலும் சூடான காற்று தலைக்கு மேலே உயரத்தில் தங்கிக்கொள்ளும். சாயங்காலம் வெளியே குளிர ஆரம்பித்ததும் வாசல் வழியாகக் கனமான காற்று உள்ளே வரும், வீட்டுச் சூடு முற்றம் வழியாக வெளியே போகும். கரண்டு செலவே இல்லை!

இப்போது பல வீடுகளில் குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தைத் தகரமோ ஷீட்டோ போட்டு அடைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குரங்குத் தொல்லை எனக்கும் தெரியும். ஆனால் அடைத்த வீட்டில் ராத்திரி புழுக்கம் தாங்காது. பலூனுக்கும் வெளிக்காற்றுக்கும் 70 டிகிரி வித்தியாசம் இருக்கு. வீட்டுக்கோ 5 டிகிரிகூட இருக்காது. தள்ளும் விசை ரொம்பச் சின்னது, அதனால் வழி பெரிசாக வேண்டும். ஷீட்டைக் கூரைக்கு மேலே இரண்டடி தூக்கி வைத்து, பக்கங்களில் கம்பி வலை அடித்தால் குரங்கும் வராது, சூடும் போகும். மேலே மட்டும் திறந்தால் போதாது, கீழேயும் திறந்திருக்கணும். தள்ளுவதற்குக் குளிர்ந்த காற்று உள்ளே வந்தால்தானே!

வீட்டில் செய்து பாருங்கள். ராத்திரி காத்து அடிக்காதபோது, ஃபேனை நிறுத்திவிட்டு வாசல் கதவைத் திறந்து, ஊதுபத்தியைக் கீழே நிலைப்படி அருகில் பிடியுங்கள். புகை உள்ளே போகும். அதையே வாசலின் மேல் சட்டத்துக்கு அருகில் பிடித்தால் புகை வெளியே போகும். முற்றமோ மேல் ஜன்னலோ திறந்திருக்கும் வீட்டில் மேலேயும் புகை உள்ளேதான் போகும். சூடு அந்த வழியாக வெளியேறுகிறது.

– 9ஆம் வகுப்பு மாணவி