திசையன் நகர்வு (விண்வெளிப் போர் விளையாட்டுகள்)

திசையன் நகர்வு என்பது, விண்வெளிப் போரைச் சித்திரிக்கும் பலகை விளையாட்டுகளில் விண்கலங்களை நியூட்டனின் இயக்க விதிகளுக்கு ஏற்ப நகர்த்தும் முறை ஆகும். கடற்போர் விளையாட்டில் கப்பலைத் திருப்பினால் அது திரும்பிய பக்கம் செல்லும். இயந்திரத்தை நிறுத்தினால் நீரின் தடையால் மெல்ல நின்றுவிடும். விண்வெளியில் அத்தகைய தடை இல்லை. முகப்பை எப்பக்கம் திருப்பினாலும் கலம் பழைய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். ஆயினும் பல விளையாட்டுகள் விண்கலத்தைக் கப்பலாகவே நடத்துகின்றன. 1979இல் வெளிவந்த ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று, 1973இல் அமெரிக்காவின் கேம் டிசைனர்ஸ் வொர்க்ஷாப் வெளியிட்ட டிரைபிளானட்டரி. இதன் பலகை அறுகோணக் கட்டங்களால் ஆன சூரியக் குடும்ப வரைபடம். கலம் சென்ற முறையில் எத்தனை கட்டம், எத்திசையில் நகர்ந்ததோ, இம்முறையும் அப்படியே நகரும். ஓர் அலகு எரிபொருளைச் செலவிட்டால், போய்ச் சேரவேண்டிய கட்டத்தை அதை ஒட்டிய ஆறு கட்டங்களில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாதை பென்சிலால் வரையப்படுவதால், அடுத்த முறை கலம் எங்கே இருக்கும் என்பதை எதிராளியும் ஏறக்குறையக் கணித்துவிடுவார்.

புதியவர்கள் தடுமாறுவது வேகத்தைக் குறைப்பதில்தான். முறைக்கு 3 கட்டம் செல்லும் கலம், முறைக்கு ஓர் அலகு எரிபொருளை எதிர்த்திசையில் செலவிட்டால் 2, 1, 0 எனக் குறைந்து, மேலும் 3 கட்டம் சென்று நிற்கும். வேகம் 6 ஆக இருந்தால் 5, 4, 3, 2, 1, 0 என 15 கட்டம் தேவை. வேகம் இரட்டிக்க, நிற்கும் தூரம் ஐந்து மடங்காகிறது! எதிரியை நோக்கி முழுவேகத்தில் பாய்பவர், ஒருமுறை சுட்டுவிட்டு அவரைக் கடந்து வெகுதூரம் போய்விடுவார். திரும்பி வர எரிபொருள் மிஞ்சியிருக்குமா என்பது வேறு கேள்வி.

இவ்விளையாட்டின் அழகான பகுதி ஈர்ப்பு விதி. கோளைச் சுற்றியுள்ள கட்டங்களில் கோளை நோக்கிய அம்புக்குறிகள் உண்டு. அவற்றில் ஒன்றில் நுழையும் கலத்தின் அடுத்த இலக்கு, அம்பின் திசையில் ஒரு கட்டம் நகரும். ஆறு ஈர்ப்புக் கட்டங்களுள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 1 என்ற வேகத்தில் செல்லும் கலம், எரிபொருளே இல்லாமல் ஆறு முறையில் கோளை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். சுற்றுப்பாதைக்கெனத் தனி விதி எழுதவேண்டியதில்லை.

அதே நிறுவனத்தின் மேடே (1978) பென்சிலைக் கைவிட்டு, ஒவ்வொரு கலத்துக்கும் கடந்த, நிகழ், எதிர்கால இடங்களைக் காட்ட மூன்று காய்களைப் பயன்படுத்தியது. சிற்றுருவங்களைக் கொண்டு ஆடும் ஃபுல் த்ரஸ்ட் முதலில் திரைப்படப் பாணி நகர்வையே தந்தது. திசையன் முறை 1998இல் வந்த அதன் துணைநூலில் மாற்று விதியாகச் சேர்ந்தது. ஆட அது மெதுவானது என்பதில் ஐயமில்லை. ஆனால், முகப்பு ஒரு பக்கமும் பயணம் இன்னொரு பக்கமுமாக, பின்னால் துரத்துபவரை நோக்கிச் சுட்டுக்கொண்டே விலகிச் செல்வது இதில் மட்டுமே முடியும்.

அட்டாக் வெக்டர்: டாக்டிகல் (2004) உயரத்தையும் சேர்த்து முப்பரிமாணத்துக்குச் சென்றது. கலத்தின் சாய்வைக் காட்டச் சாய்வுக் கட்டைகளும், உயரத்தைக் காட்ட அடுக்கும் வில்லைகளும் அதில் உள்ளன.

இவை எதுவும் கையில் இல்லாதவர், இதே கொள்கையில் அமைந்த கார்ப் பந்தய விளையாட்டைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஆடிப் பார்க்கலாம். மார்ட்டின் கார்ட்னர் 1973 சனவரியில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அதை விளக்கினார். முதல் வளைவிலேயே பெரும்பாலோர் பாதையைவிட்டு வெளியே போய்விடுவார்கள்.