மண்ணின் அடுக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஸ்மித்

கால்வாய் வெட்டுமுன் பூமியின் உட்புறத்தை அறிதல் அவசியமென்பதைத் தமது வேலையினாலேயே விளக்கியவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஸ்மித் ஆவார். இவர் 1769-ஆம் வருஷத்தில் சர்ச்சில் என்னும் கிராமத்தில் ஒரு கொல்லரின் மகனாய்ப் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். கிராமப் பள்ளிப் படிப்போடு நின்று, நில அளவைத் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

சாமர்செட் ஜில்லாவில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கால்வாய் வேலையில் 1799 வரை இருந்தார். அங்கே பாறைகள் ஒழுங்கான வரிசையில் அடுக்கடுக்காய் அமைந்திருப்பதையும், ஒவ்வோர் அடுக்கிலும் கல்லாய்ச் சமைந்த தனித்தனி வகைச் சிப்பிகள் காணப்படுவதையும் கவனித்தார். அவற்றையே அடையாளமாகக்கொண்டு, நீரை உட்கொள்ளும் பாறை எது, நீரைத் தாங்கும் களிமண் எது என்று பிரித்தறிந்தார். இவ்வறிவினால் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துச் சாகுபடிக்குக் கொணர்ந்தார். 1810-இல் பாத் நகரத்து வெந்நீர் ஊற்று குன்றியபோது, நீர் வேறு வழியாக ஓடுவதைக் கண்டு அடைத்து, ஊற்றை மீட்டார்.

1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முதலிய பிரதேசங்களின் பாறை அடுக்குகளை வர்ணமிட்டுக் காட்டும் பெரும் படத்தை வெளியிட்டார். ஆயினும் கல்லெடுக்கும் தொழிலில் நஷ்டமடைந்து, கடனுக்காக 1819-இல் சிறைப்பட்டார். நில நூற் சங்கத்தார் 1831-இல்தான் பதக்கமளித்து அவரைக் கௌரவித்தனர். 1839-இல் காலமானார்.

அங்கத்தினர்களே! கிணற்றுக்குக் கடன் கோருமுன், அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் எந்த மண், எந்தப் பாறை, எவ்வளவு நீர் கண்டது என விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீரில்லாக் குழிக்கும் வட்டி உண்டு.