கிறித்தவ ஈகையில் சமநிலை

கிறித்தவ ஈகையில் சமநிலை என்பது, திருச்சபையினர் அளிக்கும் கொடையின் சுமை கொடுப்போரிடையேயும் அதன் பயன் பெறுவோரிடையேயும் நேர்மையாகப் பகிரப்பட வேண்டும் என்னும் கோட்பாடாகும். எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, யாரிடமிருந்து பெறுவது, யாருக்குக் கொடுப்பது, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பனவே இதில் முதன்மையான கேள்விகள். நீலகிரி மலைப் பகுதியின் மறைப்பணி வரலாறு இவற்றுக்குத் தெளிவான எடுத்துக்காட்டாக அமைகின்றது.

விவிலிய அடிப்படை

எருசலேமின் ஏழைகளுக்காகத் தூய பவுல் மக்கெதோனியா, அக்காயா பகுதிகளின் சபைகளில் நிதி திரட்டினார். கொடுப்பவரை வறுமையில் தள்ளுவது தம் நோக்கமன்று என்றும், ஒருவரது மிகுதி மற்றவரது குறையை நிரப்ப வேண்டும் என்றும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் அவர் விளக்குகிறார்.

பெறுவோர் பற்றிய சிக்கல் அதற்கும் முந்தியது. எருசலேம் சபையின் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் கூறுகின்றது. பங்கீட்டைக் கவனிக்க எழுவர் தெரிவு செய்யப்பட்டனர். எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. முறையிட்ட தரப்பினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் கொள்வர்.

கேத்தியில் காசமேஜர் கொடை

முன்னாள் நீதிபதியான ஜி. ஜே. காசமேஜர், குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கில் குடியேறியவர். அவரது அழைப்பின் பேரில் 1846இல் பாசல் மிஷன் அங்குத் தன் நிலையத்தை நிறுவியது. 1849இல் இறந்த அவர், தம் சொத்தை இம்மிஷனின் பணிக்கு விட்டுச் சென்றார். 1867இல் கோத்தகிரியிலும் நிலையம் அமைந்தது.

இப்பணி முதன்மையாகப் படகர் மக்களை நோக்கியதாகும். எனினும் 1858 வரை படகர் எவரும் திருமுழுக்குப் பெறவில்லை. அதாவது, பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியின் பயனைப் பெற்றோர் அனைவரும் சபைக்கு வெளியே இருந்தவர்களே. மதம் மாறுவதை உதவிக்கு விலையாக்கியிருந்தால் இப்பள்ளிகளில் மாணவர் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் நிதி தந்தவர்கள் எதிர்பார்த்ததும் மக்கள் பெற விரும்பியதும் ஒன்றல்ல என்பதையும் மறுக்க இயலாது.

தோடரிடையே, ஆங்கிலிக்கத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்த கேத்தரின் லிங் தனியே பணியாற்றினார். இவ்வாறு கொடை இனக்குழுவாரியாகப் பிரிந்து சென்றது.

தோட்டத் தொழிலாளர்

இப்பிரிவினையில் எளிதில் விடுபடக் கூடியவர்கள் சமவெளியிலிருந்து மேஸ்திரிகள் வழியாக முன்பணம் பெற்று வந்த காப்பி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். இவர்கள் மலையின் பழங்குடிகளும் அல்லர். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதால் ஒரே ஊரில் நிலைத்தவர்களும் அல்லர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், கல்வி வசதி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. அதுவரை தருமமாகக் கருதப்பட்டவை சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய உரிமைகளாயின. ஈகையின் சமநிலை பற்றிய எந்த உரையாடலும் இந்த வேறுபாட்டைக் கடந்து செல்ல முடியாது: கூலியில் குறைத்ததைக் காணிக்கையாகத் திருப்பிக் கொடுப்பது ஈகை ஆகாது.

கொடுப்போர் மீதான சுமை

தசமபாகம் எனப்படும் பத்தில் ஒரு பங்கு, தோற்றத்தில் எல்லோருக்கும் ஒரே அளவாகும். ஆனால் மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு எஞ்சுவது 9,000. ஒரு இலட்சம் ஈட்டுபவருக்கு எஞ்சுவது 90,000. முன்னவர் விட்டுக்கொடுப்பது அரிசியும் மருந்தும் ஆக இருக்கலாம். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை இயேசு மதிப்பிட்டதும் எஞ்சியதைக் கொண்டே ஆகும். பசுந்தேயிலை விலை 1990களின் இறுதியில் வீழ்ந்தபோது நீலகிரியின் சிறு விவசாயிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். இத்தகைய ஆண்டுகளில் நிலையான தொகையை எதிர்பார்க்கும் சந்தா முறை வலியவருக்கே ஏற்றது. கைப்பிடி அரிசிக் காணிக்கை அவ்வாறன்று. சமைக்கும் நாளில் மட்டுமே அது எடுத்து வைக்கப்படும்.

தென்னிந்தியத் திருச்சபையின் அறுப்பின் பண்டிகைகளில் விளைபொருட்களை ஏலம் விடும் வழக்கம் வேறொரு சிக்கலைக் கொண்டது. ஒரு முட்டைக்கோசை நூறு மடங்கு விலைக்கு எடுப்பவர் ஊரறிய நிற்கிறார். அதைக் கொண்டுவந்து வைத்தவர் பெயர் கேட்கப்படுவதில்லை. செல்வருக்கு முதலிடம் தரும் சபையைக் கண்டிக்கும் யாக்கோபின் திருமுகம் இங்கு நினைவுகூரப்படுகின்றது.

வெளிநாட்டு நிதி

1976இல் இயற்றப்பட்டு 2010இல் மாற்றியமைக்கப்பட்ட அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வெளிநாட்டுக் கொடைகளைக் கட்டுப்படுத்துகின்றது. 2020ஆம் ஆண்டின் திருத்தம் நிருவாகச் செலவின் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்ததுடன், பெற்ற நிதியை வேறு அமைப்புக்கு மாற்றுவதையும் தடை செய்தது. பெரிய அமைப்புகள் வழியாக நிதி பெற்று வந்த சிறு அமைப்புகளுக்கு இவ்வழி அடைபட்டது.