உப்பில் முளைக்கும் ஊர்

மாட்டுங்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கட்ச்சிக்காரர்கள் பலருக்குத் தமிழ் தெரியும். அப்பளமும் பெருங்காயமும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். தீபாவளி முடிந்ததும் அந்தக் கடைகளில் தமிழர்கள் விசாரிக்கும் விஷயம் வேறு: வெள்ளைப் பாலைவனத்துக்கு எப்படிப் போவது? பௌர்ணமிக்குக் கூடாரம் கிடைக்குமா?

அவர்கள் கேட்பது தோர்டோவைப் பற்றி. குஜராத்தின் கட்ச் மாவட்டத் தலைநகர் புஜ்ஜிலிருந்து வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், பாகிஸ்தான் எல்லையை நோக்கிய கடைசிக் கிராமங்களில் ஒன்று. எல்லைப்புறம் என்பதால் வழியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஊரைத் தாண்டினால் பெரிய ரண். மழைக்காலத்தில் கடல் நீரும் ஆற்று நீரும் பரவி நிற்கும் சமவெளி அது. நீர் வற்றியதும் உப்பு மட்டும் மிஞ்சும், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக. மழை நீண்டுவிட்ட ஆண்டுகளில் டிசம்பரிலும் தண்ணீர் வடியாமல் பயணிகளை ஏமாற்றுவதுண்டு.

2001 ஜனவரி 26 பூகம்பம் கட்ச்சைத் தரைமட்டமாக்கியது. பன்னிப் பகுதியின் வட்ட வடிவ மண் குடிசைகளான 'பூங்கா'க்களோ பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. 2005இல் மாநில அரசு ரண் உத்சவத்தைத் தொடங்கியது. சில நாள் விழாவாகத் தொடங்கியது, பிறகு நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் நீண்டது. கூடார நகரம் எழுந்தது. பூங்காக்கள் விடுதிகளாயின. ஒட்டக வண்டி ஓட்டுபவர்களுக்கும், சின்னஞ்சிறு கண்ணாடிகள் பதித்துப் பூவேலை செய்யும் முத்வா பெண்களுக்கும் வாசலிலேயே சந்தை கிடைத்தது. 2023இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு தோர்டோவை உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அறிவித்தது.

வெயில் ஏறியதும் கூடாரங்கள் கலைந்துவிடும். எஞ்சிய மாதங்களில் இந்தப் பகுதிக்குச் சோறு போடுவது எருமைதான். பன்னி எருமை இரவில் மேய்ந்து காலையில் வீடு திரும்பும். 2010இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. அதை நம்பி வாழும் மால்தாரி மேய்ப்பர்களுக்கு ஆதாரம், 2,000 ச.கி.மீ.க்கு மேல் விரிந்த பன்னிப் புல்வெளி.

அந்தப் புல்வெளிதான் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. உப்பு பரவுவதைத் தடுக்க 1960களில் வனத்துறை அங்கே ஒரு மரத்தை விதைத்தது. உள்ளூரில் அதற்கு 'காண்டோ பாவள்' என்று பெயர், அதாவது பைத்தியக் கருவேலம். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை: நம் சீமைக் கருவேலம்தான். புல் இருந்த இடத்தில் முள் மண்டியது. அதை வெட்டிக் கரி சுட்டுப் பிழைப்பவர்களும் உருவாகிவிட்டதால், மரத்தை ஒழிப்பதும் எளிதல்ல. பன்னி 1955இலேயே பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட நிலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் மேய்ச்சல் உரிமை கேட்டு மால்தாரிகள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள்.

சுற்றுலா விளம்பரங்கள் இந்தப் பூமியை வெட்ட வெளியாகவே காட்டுகின்றன. யாருமில்லாத இடம் என்று நினைத்துத்தான் நகரவாசிகளும் போகிறார்கள். ஆனால் சாலையின் இருபுறமும் இருப்பது தலைமுறைகளாக மந்தைகள் மேயும் நிலம். விழாப் பணம் தோர்டோவைத் தூக்கி நிறுத்தியது உண்மை. எல்லாக் கிராமங்களிலும் கூடாரம் போட முடியாது. புல் இருந்தால் எல்லாக் கிராமங்களும் பிழைக்கும்.

மும்பையிலிருந்து புஜ்ஜுக்கு ரயிலில் ஓர் இரவுப் பயணம். அங்கிருந்து போகும் வழியில் பீரண்டியாரா என்ற சிற்றூரில் வண்டிகள் நிற்கும். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சிய மாவா அங்கே பிரசித்தம். நம்மூர் திரட்டுப்பால் மாதிரி இருக்கும். உப்பைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்கி அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பன்னியில் இன்னும் புல் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.