இருவாச்சியும் முதிர்ந்த மரமும்

பொந்து விழுந்த முதிய மரத்தை வெட்டி விற்றுவிடுவதே லாபம் என்று நம் அங்கத்தினர் சிலர் கருதுவதுண்டு. அத்தகைய மரமின்றி வாழ இயலாத பறவையினம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுவே இருவாச்சி.

இவ்வினத்துள் மிகப் பெரியது, ஆனைமலை முதலிய மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழும் பெரிய இருவாச்சியாகும். நீளம் 3 அடிக்கு மேல். விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 5 அடி. வளைந்த பெரிய அலகின்மேல் மஞ்சள் நிறக் கவசம் ஒன்று அமைந்திருக்கும்.

இப்பறவைக்கு மரத்தைக் குடையும் ஆற்றல் இல்லை. இயற்கையாய் அமைந்த பொந்தையே நாடி, வருஷந்தோறும் அதிலேயே குடும்பம் நடத்தும். பெண் பறவை உட்புகுந்து, தன் எச்சத்தாலும் பழச்சதையாலும் வாயிலை அடைத்து, அலகு நுழையும் அளவு பிளவு மட்டும் விட்டுவைக்கும். அங்கே ஒன்று அல்லது இரண்டு முட்டையிட்டு, மூன்று நான்கு மாதம் சிறையிருக்கும். அக்காலத்தில் அதன் சிறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆண் பறவையே அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து ஊட்டும். ஊடை நூல் தீர்ந்தால் தறி நிற்பதுபோல, ஆண் பறவை சுடப்பட்டால் தாயும் குஞ்சும் பட்டினியால் மடிய நேரும்.

உண்ட பழத்தின் விதைகளைத் தொலைதூரம் சென்று உதிர்ப்பதால், காட்டு ஜாதிக்காய் போன்ற பெருவிதை மரங்கள் இப்பறவையால் பரவுகின்றன. கூலி பெறாத விதைப்பாளி என்று இதனைக் கூறலாம்.

எனினும், 19 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வால்பாறைப் பகுதியில் காடழித்துக் காப்பி, தேயிலை பயிரிட்டமையால் இதன் இருப்பிடம் சுருங்கியது. வேட்டையும் சேர்ந்தது. 1972 ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் காக்கின்றது. 2018 இல் இது உலக அளவில் அழிவபாயத்திற்கு உட்பட்ட இனமாக மதிப்பிடப்பட்டது.

சட்டம் மட்டும் போதுமா? அருணாசலப் பிரதேசத்துப் பக்கே வனத்தருகே, முன்னர் இருவாச்சியின் அலகைத் தலைப்பாகையில் அணிந்துவந்த நிஷி மக்கள், பின்னர் கண்ணாடி இழையாலான அலகுகளை ஏற்றனர். அவர்களுடைய கிராமச் சங்கம், வன இலாகா, மைசூர் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஆகிய மூன்றும் கூடி 2011-12 இல் கூடு காக்கும் திட்டத்தைத் தொடங்கின. நகரத்தார் அளிக்கும் நிதியால், கூடு காக்கும் கிராமத்தார் ஊதியம் பெறுகின்றனர். கூட்டுறவின் பயனுக்கு இதுவும் ஒரு சான்றாகும்.

நம் ஜவளகிரிக் காடு மழைக்காடன்று. 2014 இல் அமைந்த காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்த வறண்ட காடாகும். பெரிய இருவாச்சிக்கு இஃது ஏற்றதன்று. ஆயினும், இவ்வினத்தின் சிறிய உறவான சாம்பல்நிற இருவாச்சி இத்தகைய வறண்ட நிலங்களுக்கும், ஊர்ப்புறத்து ஆல், அரசு, அத்தி மரங்களுக்கும் உரியது. அதுவும் பொந்தடைத்தே குஞ்சு பொரிக்கும்.

ஆகவே, வரப்போரத்து முதிர்ந்த மரத்திற்கு வியாபாரி விலை பேச வரும்போது, அங்கத்தினர்கள் ஒரு கணம் பொந்தை நோக்குவார்களாக. விறகு விலை ஒருமுறையே கிடைக்கும். அத்தகைய பொந்து மீண்டும் அமைய ஒரு மனித ஆயுள் போதாது.