வேரின் நீளமும் வடிவமும்: உயிரணுப் பிரிவின் பங்கு

மழை பொய்த்த ஆண்டில் மானாவாரி நெல் வயலில் பயிர் வாடி நிற்கும்போது, அதே வயலில் சற்று ஆழத்தில் ஈரம் எஞ்சியிருப்பது உண்டு. நீர் உள்ள இடத்திற்கு வேர் செல்லாமையே அங்கு விளைச்சல் குன்றுவதற்குக் காரணமாகும். இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி இன்றும் மழையையே நம்பியுள்ளது. ஆகவே, வேரின் நீளத்தையும் திசையையும் தீர்மானிப்பது எது என்னும் வினா தாவரவியலாருக்கு மட்டும் உரியதன்று.

வேர் தன் நுனியிலேயே வளர்கிறது. வேர்மூடிக்குச் சற்று மேலேயுள்ள சிறு பகுதியில் உயிரணுக்கள் ஓயாது பிரிகின்றன. அப்பகுதியைக் கடந்த உயிரணுக்கள் பிரிவதை நிறுத்திவிட்டுப் பன்மடங்கு நீள்கின்றன; இந்த நீட்சியே நுனியை மண்ணுக்குள் தள்ளுகிறது. எத்தனை உயிரணுக்கள் வந்து சேர்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நீள்கிறது என்னும் இரண்டையும் பொறுத்தே வேரின் வளர்ச்சி அமைகிறது.

பிரிவை நடத்துவது சைக்ளின் என்னும் புரதமும், அதனுடன் இணைந்தால் மட்டுமே செயற்படும் ஒரு நொதியும் ஆகும். சைக்ளின் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்து, பின் அழிக்கப்படுகிறது. ஈஸ்ட், மனிதன், நெல் ஆகிய அனைத்திலும் இவ்வேற்பாடு அடிப்படையில் ஒன்றே. இத்துறையில் உழைத்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த ஜீன்களை மாற்றினால் வேர் என்னவாகும்? கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் சைக்ளினின் அளவைக் கூட்டிச் செய்த சோதனையின் முடிவு 1996-இல் வெளிவந்தது. வேர் விரைவாக வளர்ந்தது. ஆனால் கட்டியும் தோன்றவில்லை, கிளை வேர்களின் ஒழுங்கும் மாறவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான புகையிலைச் சோதனை இன்னும் வியப்பானது. பிரிவை நடத்தும் நொதியின் ஆற்றல் குறைக்கப்பட்ட செடியில் உயிரணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாயின; செடியின் உருவமோ இயல்பாகவே இருந்தது. செங்கல்லின் அளவு மாறியும் வீட்டின் அமைப்பு மாறவில்லை எனலாம்.

அப்படியாயின் வடிவத்தை வகுப்பவை, எந்த உயிரணு எப்போது, எத்திசையில் பிரிய வேண்டும் என்று பணிக்கும் ஜீன்களே. அரபிடாப்சிஸ் வேரில் 'ஷார்ட்-ரூட்', 'ஸ்கேர்குரோ' என்னும் இரு ஜீன்கள் குறிப்பிட்ட ஓர் உயிரணுவில் மட்டும் ஒருவகைச் சைக்ளினைத் தூண்டுகின்றன என்பது 2010-இல் தெளிவாயிற்று. அதனால் அவ்வுயிரணு நீளவாக்கில் பிளந்து, புறணி, அகத்தோல் என்னும் இரு அடுக்குகளுக்கு வித்திடுகிறது. 'ஷார்ட்-ரூட்' பழுதானால் ஓர் அடுக்கே உண்டாகிறது, வேரும் குட்டையாகிவிடுகிறது.

வேர் செல்லும் திசை பெரும்பாலும் நீட்சியைச் சார்ந்தது. பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, ஆசியா எங்கும் பரவிய ஐ.ஆர்.64 இரகம் மேலோட்டமாக வேர்விடுவது. அதன் டி.ஆர்.ஓ.1 என்னும் ஜீனில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து, 2013-இல் வெளியிட்டனர். பிலிப்பைன்சின் மேட்டுநில இரகமான கினாண்டாங் பாத்தோங்கில் இந்த ஜீன் குறையின்றி உள்ளது. அது வேர்நுனியில் உயிரணுக்களின் நீட்சியில் பங்கேற்க, மேற்புறம் கீழ்ப்புறத்தைவிடக் கூடுதலாக நீண்டு வேர் கீழ்நோக்கி வளைகிறது. இந்த ஜீனைக் கலப்பு முறையில் பெற்ற ஐ.ஆர்.64 பயிர், வறட்சியில் மூல இரகத்தைவிட நன்கு விளைந்தது.

இதைக் கொண்டு ஆழமான வேரே எங்கும் சிறந்தது என்று கொள்வது தவறு. மணிச்சத்து மேல்மண்ணிலேயே மிகுதி. உவர் வயல்களிலோ மேற்பரப்பில் படரும் வேர்களே நெல்லுக்கு உதவின என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு செயற்பட்டது டி.ஆர்.ஓ.1-க்கு உறவான மற்றொரு ஜீன். இந்தியாவின் பழைய நெல்லான கசலத்தில் காணப்படும் 'பி-ஸ்டால்1' என்னும் ஜீன், இளம் பருவத்திலேயே வேர்த்தொகுதியைப் பெருக்கி, மணிச்சத்துக் குறைந்த நிலத்திலும் அதனைத் திரட்ட வழிசெய்கிறது. உயர் விளைச்சல் இரகங்கள் பலவற்றில் அந்த ஜீன் இல்லை.

பிரிவை நடத்தும் ஜீன்கள் செடியின் எல்லா உறுப்புகளிலும் வேலை செய்பவை. அவற்றை நேரடியாக மாற்றுவதைவிட இத்தகைய பணிக்கும் ஜீன்களைத் தேர்ந்தெடுப்பதே பயிர்ப் பெருக்க வல்லுநருக்கு ஏற்றது. முன்பு ஒவ்வொரு செடியையும் வேருடன் தோண்டி, கழுவி, அளக்க வேண்டியிருந்தது. இன்று நாற்றின் ஓர் இலைத்துண்டே, அது எவ்வகை டி.ஆர்.ஓ.1 ஜீனைப் பெற்றுள்ளது என்பதைத் தெரிவித்துவிடுகிறது.