பழைய மோட்டாரும் சங்கத்தின் பணமும்

நமது நெசவாளர் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் சில, வாடகை வண்டிச் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி வைத்திருக்கின்றன. நூல் கொண்டு வருவதற்கும், துணிச் சிப்பங்களை விற்பனை நிலையத்திற்கு அனுப்புவதற்கும், காரியதரிசி வங்கிக்குச் சென்று வருவதற்கும் அது பயன்படுகிறது. புது வண்டி வாங்கப் போதிய நிதி இல்லாத சங்கத்திற்கு இது தவறான யோசனை என்று கூற இயலாது. ஆனால் பழைய வண்டியின் விலை, வாங்கிய நாளன்று கொடுத்த தொகையோடு முடிந்துவிடுவதில்லை. கோளாறு இன்னதென்று அறியாமல் பின்னர் செய்யும் செலவையும் அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வுண்மையை ஒரு சங்கத்தை ஆய்வு செய்தபோது நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

அச்சங்கத்தில் இருப்பது ஓர் அம்பாஸிடர் வண்டி. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மாதிரியைக் கொண்டு வங்காளத்தில் உத்தரபாராவில் செய்யப்பட்டு வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எனினும் அதன் அமைப்பு எளிது; பானெட்டைத் திறந்தால் பெரும்பாலான உறுப்புகள் கைக்கு எட்டும்.

நான் கணக்குகளைப் பார்வையிட்டபோது, 14 மாதங்களில் மூன்று பாட்டரிகள் வாங்கியதற்கும், ஒரு முறை ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுது பார்த்ததற்கும் வவுச்சர்கள் இருந்தன. உத்தரவாதச் சீட்டு ஒன்றுகூடப் பத்திரப்படுத்தப்படவில்லை. பழைய பாட்டரிகளைக் கடையிலேயே கொடுத்துக் கழிவு பெற்றமையால் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. “இச்செலவு நம்பத் தகுந்ததாக இல்லை; விளக்கம் பெறுக” என்று நான் ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். நிர்வாகக் குழுவினர் டிரைவரை அழைத்து விசாரித்தனர். 18 ஆண்டுகள் சங்கத்தில் உழைத்தவர் அவர். “பாட்டரி செத்துப் போவது மெய், ஐயா. ஏன் சாகிறது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை” என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தனர்.

அவர் வீட்டிலிருந்த இரண்டாம் மாதத்திலேயே, வேறொருவர் ஓட்டிக்கொண்டிருக்கையில், மூன்றாவது பாட்டரியும் சோர்ந்தது. தீபாவளி விற்பனைக்குச் சென்ற துணிச் சிப்பங்களுடன் வண்டி இரவில் நடுவழியில் நின்றது. அதன் பிறகுதான் கோளாற்றை முறையாகத் தேட வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு உண்டாயிற்று.

முதலில் செவியால் அறிதல்

எஞ்சின் ஓடுவதற்கு நான்கு வேண்டும். அதனை முதலில் சுழற்றும் விசை ஒன்று. காற்றோடு தக்க அளவில் கலந்த பெட்ரோல் இரண்டு. தக்க தருணத்தில் எழும் தீப்பொறி மூன்று. சிலிண்டருக்குள் போதிய அழுத்தம் நான்கு. தறியில் துணி பழுதாக விழுந்தால், மிதியைப் பார்க்கிறோம், விழுதைப் பார்க்கிறோம், பாவின் இறுக்கத்தைப் பார்க்கிறோம். எடுத்த எடுப்பில் பாவை அறுத்து எறிவதில்லை. மோட்டாருக்கும் அதே முறைதான்.

சாவியைத் திருப்பியதும் ஓசை எதுவும் எழாமல், விளக்குகளும் எரியாவிட்டால், பாட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். ‘டக் டக்’ என்று விரைந்து ஓசை எழுந்தால் பாட்டரி இளைத்திருக்கிறது, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. விளக்குகள் மங்காமல் இருக்க, ஒரே ஒரு கனத்த ஓசை மட்டும் எழுந்தால் ஸ்டார்ட்டர் பக்கம் கோளாறு இருக்கக்கூடும். எஞ்சின் விசையோடு சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் பாட்டரியைக் குறை கூறுவதில் பொருளில்லை; தீப்பொறியையோ பெட்ரோலையோ நாட வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதவர்கள்தாம் பெட்ரோல் அடைப்புக்குப் பாட்டரி வாங்குகிறார்கள்.

மின்சாரம் செல்லும் வழியும் திரும்பும் வழியும்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று சங்கத்தில் இருத்தல் நலம். 12 வோல்ட் பாட்டரி முழுமையாக நிறைந்து, சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் ஏறக்குறையப் பாதிதான் உள்ளது. 12-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகலாகாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிட்டால் பெல்ட் தளர்ந்துள்ளதா, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிய பின் வாஸலைன் பூசலாம். கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். பாட்டரி அறைகளில் வடிநீரைத் தவிர வேறு நீர் ஊற்றலாகாது. அதனருகே நெருப்புக் கூடாது. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கவல்லது.

இனி எங்கள் வண்டியின் கதைக்கு வருவோம். பம்பு செட்டு மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலறிந்த இளைஞர் ஒருவர், அங்கத்தினர் ஒருவரின் மகன், மீட்டருடன் வந்தார். டிரைவரையும் அழைத்து வரச் சொன்னார். வேறு ஏதேனும் விசித்திரமாகத் தென்பட்டதா என்று அவர் கேட்க, “வண்டி கிளப்பும்போது சில நேரம் சோக் கம்பி கை வைக்க முடியாமல் சுடும், தம்பி. பட்டறையில் சொன்னேன், சிரித்துவிட்டார்கள்” என்றார் டிரைவர். அச்சொல்லே வழி காட்டியது.

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் மீண்டும் பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். வண்டியின் இரும்பு உடலே அது திரும்பும் வாய்க்கால். எஞ்சினோ அதிர்வு தெரியாதபடி ரப்பர் தாங்கிகள் மீது அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் எஞ்சினையும் உடலையும் செப்பு இழைகளால் பின்னிய எர்த் பட்டை ஒன்று இணைக்கிறது. அப்பட்டை அற்றாலோ, அதன் முனையில் துரு ஏறினாலோ, மின்சாரம் சோக் கம்பி போன்ற மெல்லிய வழிகளைத் தேடிச் செல்கிறது, அக்கம்பி சுடுகிறது.

இளைஞர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட் காட்டிற்று. எஞ்சினை ஓடவிட்டு முன் விளக்குகளையும் எரியவிட்டுப் பார்த்தபோது, ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட்; பாட்டரி முனைகளிலோ 13.2 மட்டுமே. ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்தது; பாட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. வயிறு நிறையாத பாட்டரியின் தகடுகளில் கந்தகப் படிவு இறுகி, சில மாதங்களில் அது உயிரிழந்தது. மூன்று பாட்டரிகளும் இவ்விதமே போயின.

பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். முக்கால் பங்கு இழைகள் அற்றிருந்தன. புதிய பட்டையின் விலை, ஒரு பாட்டரி விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

எஞ்சின் சுழன்றும் பற்றாவிட்டால்

ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியில் மாட்டி, எஞ்சினின் இரும்பின் மீது படுமாறு வைத்துச் சுழற்ற வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்திலோ, பிளக் கழற்றிய துளையின் அருகிலோ இதைச் செய்யலாகாது. நீல நிறத்தில் உறுதியான பொறி தோன்றினால் மின்சாரப் பகுதி நன்று. மஞ்சளாக மெலிந்து தோன்றினால் காண்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் அம்பாஸிடரில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர்; பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களிலும் பொறி எழும் வரிசை 1, 3, 4, 2. கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்தினால் எஞ்சின் பின்னடித்து வெடிக்கும். மழைக் காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புற ஈரத்தைத் துடைப்பதாலேயே வண்டி கிளம்பிவிடுவதுண்டு.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைப் பார்க்க வேண்டும். தொட்டி மூடியின் காற்றுத் துளை, வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர் என்ற வரிசையில் சோதிக்கலாம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இதனைக் கருதாமல் செய்யப்பட்ட பழைய ரப்பர் குழாய்கள் இளகவோ வெடிக்கவோ கூடும். ஆதலால் அவற்றை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது அறிவுடைமை.

நண்பகல் வெயிலில் நின்று, ஆறிய பின் தானாகக் கிளம்பும் வண்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியடைப்பதாலும் இது நேரும். சூட்டில் செயலிழக்கும் காயிலாலும் கண்டென்சராலும் நேரும். எனவே வண்டி நின்ற அக்கணத்திலேயே பொறியைச் சோதிக்க வேண்டும். ஆறிய பின் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

எஞ்சின் கொதித்தால் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. பொங்கும் நீர் முகத்தை வேக வைத்துவிடும். நீலப் புகை ஆயில் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுதியையும் காட்டும். எஞ்சின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால், சிலிண்டருக்குள் நீர் இறங்குகிறதா என்று பட்டறையில் பார்க்க வேண்டும். பியூஸ் போனால் குறிப்பிட்ட அளவுள்ள பியூஸையே இட வேண்டும்; வெறும் கம்பியைச் சுற்றுவது துணிச் சிப்பங்களுக்கு நாமே கொள்ளி வைப்பதற்கு ஒப்பாகும்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

வண்டிக்குத் தனிப் பதிவேடு ஒன்று வைத்து, கோளாறு தோன்றிய நாள், டிரைவர் கண்ட அறிகுறி, செய்த சோதனை, மாற்றிய உறுப்பு ஆகியவற்றை எழுதுக. உத்தரவாதச் சீட்டை வவுச்சரோடு இணைத்து வைக்க. ஓர் உறுப்பு ஓராண்டில் இருமுறை கெட்டால், மூன்றாவது வாங்குமுன் காரணத்தை எழுதிக் குழுவின் முன் வைக்க. டிரைவர் சொல்லும் சிறு குறிப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். வண்டியோடு நாள் முழுதும் இருப்பவர் அவரே.

அந்த டிரைவரைச் சங்கத்தார் நிறுத்தி வைத்த காலத்திற்குரிய சம்பளத்துடன் மீண்டும் வேலையில் அமர்த்தினர். என் குறிப்பைத் திரும்பப் பெறுவதாக நானும் எழுதிக் கொடுத்து, குழுக் கூட்டத்தில் அவர் முன்னிலையில் படிக்கச் செய்தேன். விளக்கம் கேட்டது என் கடமை. செலவு ஏன் நேர்ந்தது என்று தேடுமுன் நம்பத் தகாதது என எழுதியது என் பிழை. நான்காவது பாட்டரி வாங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. இன்றும் முதல் திருப்பலிலேயே வண்டி கிளம்புகிறது.